நாணல் சீமாட்டியின் கடைசி மூன்று பக்கங்கள்

அந்தக் கடைசி மூன்று பக்கங்களை எழுதியவன் நான்தான்.

சீனத்துப் பழைய நாவல் என்று லண்டனில் அச்சாகி, அங்குள்ள சீமாட்டிகள் கண் கலங்கிப் படித்ததாகச் சொல்லப்பட்ட ஒரு புத்தகம் உண்டு. அதன் முடிவை எந்தச் சீனரும் எழுதவில்லை. ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் போகும்போதெல்லாம் ஆடும் ஒரு மேஜையின் மேல் வைத்து, ஒரு தமிழ்க் குமாஸ்தா எழுதினான்.

எழுதியதோடு நின்றேனா? ஒருவரிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று... பிறகு இன்னொருவர் மேல் பழி. இன்றுவரை ஒரு கடிதத்தை ஒளித்து வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. நீங்கள் மன்னித்தாலும் அதனால் யாருக்கும் பயனில்லை. இதைத் தூக்கிக்கொண்டு நடந்து களைத்துவிட்டேன்... அவ்வளவுதான் காரணம்.

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என் ஆங்கிலம் சுத்தமானது என்று நாலு பேர் சொல்லுவார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் வெள்ளைக்காரத் துரை ஒருவர் என்னை அழைத்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஏரிக்கரைப் பங்களாவில் தனியாக இருந்தவர். இளவயதில் சீனத் துறைமுகம் ஒன்றில் வேலை பார்த்தவர். சீனம் கொஞ்சம் பேசுவார், படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு சீன நாவலை முதன்முதலாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த அறிஞர் என்று லண்டனில் பேரெடுக்க வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை.

படிப்பதற்கு ஒருவரைப் பிடித்தார். லத்தா தெருவில், சீனக் கோயில் அருகே, ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் 'தான்' என்ற சீனப் பெயருடைய பெரியவர். சீனத்தில் அமோய் துறைமுகப் பக்கத்துக்காரர். எழுத்தறியாத கூலிக்காரர்கள் சொல்லச் சொல்லத் தூரிகையால் எழுதிக் கொடுப்பார். பர்மியர்கள் ஆசிரியரை 'சாயா' என்பார்கள்; அவரை எல்லோரும் சாயா என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை 'கோ முத்து' என்பார். முத்தையா என்ற என் பெயர் அவர் வாயில் அப்படிச் சுருங்கி, 'கோ' என்ற பர்மிய மரியாதையும் ஏற்றுக்கொண்டது.

வேலை எப்படி நடந்தது என்று கேளுங்கள். சனிக்கிழமை பிற்பகலும் ஞாயிறும் பங்களா வராந்தாவில் கூடுவோம். நீலத்துணி உறையிலிருந்து நூலால் தைத்த ஏடுகளைச் சாயா எடுப்பார். ஒரு பக்கத்தைச் சீனத்தில் வாய்விட்டுப் படிப்பார். பிறகு எனக்குப் பர்மிய மொழியில் சொல்வார். நான் அதை ஆங்கிலத்தில் எழுதுவேன். துரை என் வாக்கியத்தில் இரண்டு சொல்லை மாற்றுவார். அதற்குப் பெயர்தான் மொழிபெயர்ப்பு!

கதை பெரியது, நூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். அரசனிடம் உண்மையைச் சொன்னதற்காகத் தென் எல்லைக்குத் துரத்தப்பட்ட ஓர் அதிகாரி. அவனைத் தேடிப் பன்னிரண்டு வருஷம் நடக்கும் மனைவி, வெய் ஆன். அத்தியாயத்துக்கு அத்தியாயம் கவிதைகள். பஞ்சம், வெள்ளம், கோயில், கொள்ளைக்காரர், சந்தைச் சண்டை... ஒரு நாடே அதற்குள் இருந்தது.

துரை கவிதைகளை வெட்டினார். கதையின் காலைக் கட்டுகின்றனவாம். பஞ்சத்தை வெட்டினார். ஐம்பது பேரின் பெயர்கள் வாசகனைக் குழப்பும் என்று நாற்பது பேரை வெட்டினார். வெய் என்றால் நாணல், ஆன் என்றால் அமைதி என்று சாயா சொன்னதைக் கேட்டு, அவளுக்கு ஆங்கிலத்தில் 'நாணல் சீமாட்டி' என்று பெயர் சூட்டினார்.

டிராமில் திரும்பும்போது சாயா என்னிடம் சொன்னார்: "பேரு பேராத்தான் இருக்கணும், கோ முத்து. நீ லண்டனுக்குப் போனா உன்னை மிஸ்டர் பேர்ல்னா கூப்பிடுவாங்க?"

இருவரும் சிரித்தோம். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும்... பிடித்திருந்தது!

கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். வெய் ஆன் ஓர் எல்லைப்புற ஆற்றில் படகோட்டிப் பிழைக்கிறாள். ஒரு மாலையில் கிழவன் ஒருவன் வந்து அக்கரைக்குப் போக வேண்டும் என்கிறான். அவன்தான் அவள் கணவன். அவள் கண்டுகொள்கிறாள், சொல்லவில்லை. அவன் முகம் எதையும் காட்டவில்லை. அக்கரையில் இறங்கி, ஆற்றுக்கு முதுகைக் காட்டியபடி சற்று நேரம் நிற்கிறான். பிறகு நடக்கிறான். அவள் படகைத் திருப்புகிறாள். கதை முடிந்தது.

அன்று துரைக்குக் காய்ச்சல். வராந்தாவில் நாங்கள் இருவர் மட்டும். நான் கேட்டேன்: "அவனுக்கு அவளைத் தெரியலையா, சாயா?"

அவர் ஏட்டை மூடினார். "தெரியும். எழுதினவர் சொல்லாம விட்டுட்டார். நீயும் சொல்லாதே. எங்கே வேணும்னாலும் வெட்டிக்கச் சொல்லு. இந்தக் கடைசி அத்தியாயத்துல ஒரு சொல்கூடத் தொடக்கூடாது. துரைகிட்ட கண்டிப்பாச் சொல்லிடு."

பிறகு, நான் கேட்காமலே, ஒன்றைச் சொன்னார்.

ஊரில் அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். மணமான மறுவருஷமே அவர் ரங்கூனுக்குக் கப்பலேறினார். இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்றவர் பதினாறு வருஷம் போகவில்லை. இங்கே ஒரு பர்மியப் பெண்ணை மணந்தார், மகள் பிறந்தாள். ஒருநாள் பகலில், வரிசையில் நின்றவர்களோடு ஒரு சீனத்துப் பெண் வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். ஊருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றாள். குழந்தை அவர் மடியில் இருந்தது.

"அவ சொன்னா, நான் எழுதினேன். 'வந்து சேர்ந்தேன். தேடி வந்தவர் சௌக்கியமாக இருக்கிறார். அடுத்த கப்பலில் திரும்புகிறேன்.' அவ்வளவுதான், கோ முத்து. கையைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தலையைத் தூக்கலை. உறையில போட்டு, மேல ஊர்ப் பேரை எழுதினேன். அவ ஊர்ப் பேரைச் சொல்லவே இல்லை... நானா எழுதிட்டேன். அதையும் பார்த்துட்டுத்தான் எழுந்து போனா."

இதை அவர் தம் பர்மிய மனைவியிடம் சொன்னதில்லை. அவள் இறந்த பிறகு மகளிடமும் சொன்னதில்லை. என்னிடம் சொன்னார்.

என்னிடம்!

நான் துரையிடம் அந்த நிபந்தனையைச் சொன்னேனா? சொல்லவில்லை. அப்போது வஞ்சகம் ஏதுமில்லை. காய்ச்சல் தெளியட்டும் என்று விட்டேன். பிறகு மறந்தேன்... மறந்தேன் என்றுதான் நீண்ட காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சில மாதங்களில் லண்டன் பதிப்பாளரின் கடிதம் வந்தது. புத்தகம் ஒரே தொகுதிக்குள் அடங்க வேண்டும். சீனத்துப் பட்டும் காகித விளக்குகளும் இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டும். முடிவுதான் பெரிய குறை: பன்னிரண்டு வருஷம் நடந்தவள் வாய் திறக்காமல் போவதை ஆங்கில வாசகர் ஏற்கமாட்டார்கள், இருவரும் ஒருவரையொருவர் அறிந்து சேர்ந்தால் புத்தகம் போடலாம்.

துரைக்கு உடம்பு தளர்ந்து, நாடு திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். களைத்த குரலில் சொன்னார்: "முத்தையா, ஒரு மூன்று பக்கம் எழுதிப் பார். எனக்குத் தெம்பில்லை. சாயாவுக்குச் சம்மதமா என்று கேட்டுவிடு. அவருக்கு விருப்பமில்லையென்றால் நான் அவர்களோடு எழுதிச் சண்டை போடுகிறேன்."

கேட்டீர்களா? அவர் கேட்கச் சொன்னார்.

நான் கேட்கவில்லை. ஏன்? வாழ்நாள் முழுதும் பிறர் சொல்வதை டைப் அடித்தவன் நான். முதல்முறையாக என் வாக்கியம், என் சொந்த வாக்கியம், லண்டனில் அச்சேறப் போகிறது! சாயாவிடம் கேட்டால் 'வேண்டாம்' என்பார். அது எனக்குத் தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

எழுத உட்கார்ந்தபோது என் மனைவி வள்ளி நினைவுக்கு வந்தாள். நான் ரங்கூன் வந்து நாலு வருஷம் கழித்து அவளைக் கப்பலில் வரவழைத்தேன். துறைமுகக் கூட்டத்தில் என்னைக் கண்டதும் அவள் விரலால் என் மோவாய்த் தழும்பைத் தொட்டாள். "இது அப்ப இல்லையே" என்றாள். அதை அப்படியே எடுத்தேன். படகில் வெய் ஆன் கிழவனின் மோவாயைத் தொடுகிறாள்; 'இந்தத் தழும்பு அன்று இல்லையே' என்கிறாள்; அவன் உடைந்து அழுகிறான்; இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டே மாலைகளில் முடித்தேன். எவ்வளவு இன்பமாக இருந்தது தெரியுமா! இப்போது நினைத்தாலும் வெட்கம் பிடுங்குகிறது.

"சாயா சம்மதித்தாரா?" என்று துரை கேட்டார்.

"சம்மதித்தார், ஐயா."

துரை கப்பலேறினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு புத்தகப் பிரதிகள் இரண்டு வந்தன. ஒன்று எனக்கு, ஒன்று சாயாவுக்கு. முன்னுரையில் ஓர் உள்ளூர் ஆசிரியருக்கும் ஒரு குமாஸ்தாவுக்கும் நன்றி சொல்லியிருந்தார், பெயர்கள் இல்லை. கூடவே ஒரு பத்திரிகை நறுக்கு. நாவலின் பெரும்பகுதி குழந்தைத்தனமானது என்றும், ஆனால் கடைசிப் பக்கங்களில், குறிப்பாக அந்தத் தழும்பைத் தொடும் இடத்தில், சீன உள்ளத்தின் ஆழம் தெரிகிறது என்றும் எழுதியிருந்தார்கள்.

சீன உள்ளம்! ராமநாதபுரத்து வள்ளியின் விரல் அது...

பெருமை தாங்காமல் அவளிடம் வாசித்துத் தமிழில் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"என்னங்க, அந்தச் சீனத்துப் பொண்ணு வாயில என் பேச்சையா வச்சீங்க?"

"ஆமா. லண்டன்ல அதைத்தான் புகழ்ந்து எழுதியிருக்காங்க."

"புகழட்டும். அது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருந்தது. இனிமே அதை நான் எப்படி நினைச்சுப் பார்க்கிறது?"

மறுபடி அரிசியைக் களையத் தொடங்கினாள்.

சாயாவின் கண்களில் அதற்குள் புரை விழுந்துவிட்டது. மகள் மா தின், லான்மடா பேட்டையில் ஒரு பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அவள் பள்ளிக்குப் போயிருந்த ஒரு பகலில் நான் புத்தகத்தோடு போனேன். சாயா அட்டையைத் தடவிப் பார்த்தார். முகர்ந்தார்.

"கடைசி அத்தியாயத்தைப் படி, கோ முத்து. பர்மாப் பேச்சுல சொல்லு."

என் முன்னால் அச்சில் இருந்தது என் மூன்று பக்கம். அதைப் பார்த்தபடியே, என் நினைவிலிருந்த பழைய முடிவைச் சொன்னேன். படகு, அக்கரை, முதுகு, திரும்பும் துடுப்பு... இடையில் ஒரு தாளைக்கூடப் புரட்டினேன்! சொல்லி முடித்ததும் பெரியவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"ஒரு சொல்லும் தொடலை. நீ இருந்ததாலதான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? புத்தகத்தை மூடினேன்.

சீனப் பெரியவர்களுக்குச் செய்தி பரவியது. நம் தெருவில் இருந்துகொண்டு நம் நாவலை வெள்ளைக்காரன் ஊருக்கு அனுப்பிய மனிதர் என்று, அவர்களுடைய சங்கக் கட்டடத்தில் ஒரு பிற்பகலில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். சாயாவைப் புதுச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்த்தியிருந்தார்கள். அருகில் மா தின். அவளுக்கு அடுத்து நான். நல்ல ஆங்கிலம் படித்த ஓர் இளம் சீன ஆசிரியர் எழுந்து, புத்தகத்தின் முடிவை வாசித்து அவர்கள் பேச்சில் சொல்லத் தொடங்கினார்.

எனக்கு அவர்கள் பேச்சு புரியாது. ஆனால் அவர் தன் மோவாயைத் தொட்டுக் காட்டியபோது புரிந்துவிட்டது.

கூட்டம் கைதட்டியது. அந்தக் கதையைச் சிறுவயதிலிருந்தே அறிந்த கிழவர்கள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் சத்தமாகவே ஏதோ சொன்னார். மா தின் குனிந்துகொண்டாள். சாயா எழுந்தார். மாலையை வாங்கிக்கொண்டார், கும்பிட்டார், வெளியே வந்தார்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்று கேட்டார்: "அன்னைக்கு நீ எனக்குப் படிச்சது இதுல இல்லையா?"

"இல்லை, சாயா. உங்க மனசு நோகக் கூடாதுன்னு..."

"சரி. இதை எழுதினது யாரு?"

மா தின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ரிக்‌ஷா ஒன்று போயிற்று. ஒரே ஒரு சொல்தான் சொல்ல வேண்டியிருந்தது... நான்.

"துரை" என்றேன்.

அவர் தலையசைத்தார். என் தோளைத் தடவிக் கொடுத்தார். "பாவம் நீ. அவன்கிட்ட நீ என்ன செய்ய முடியும்?"

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்! அந்தக் கை இன்னும் என் தோளில் இருக்கிறது.

மறுவாரம் அவர் சொல்ல, மா தின் ஆங்கிலத்தில் துரைக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒரு வசையும் இல்லை அதில். என்ன காரணத்துக்காகக் கடைசி அத்தியாயத்தை மாற்றினீர்கள் என்று ஒரே கேள்வி. பதில் தவறாமல் வந்து சேர வேண்டுமே என்று, என் ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்தாள். தபாலாபீஸுக்கும் அவளோடு நான்தான் போனேன்.

பதில் வருவதற்குள் மழைக்காலம் பிறந்தது. சாயாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கடைசி வாரத்தில் நான் தினமும் போனேன். ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது ஒன்றுதான்: "துரை எழுதினானா?"

"இன்னும் இல்லை, சாயா." அது அன்றைக்கு உண்மை. என் கணக்கில் மிஞ்சியிருந்த கடைசி உண்மை.

அவர் கண்ணை மூடிப் பதினோராம் நாள் கடிதம் வந்தது.

துரை மிகவும் வருந்தி எழுதியிருந்தார். அந்தப் பக்கங்களை முத்தையா எழுதினான் என்றும், உங்கள் சம்மதம் பெற்றதாக அவனே என்னிடம் சொன்னான் என்றும், சம்மதமில்லை என்று அறிந்திருந்தால் புத்தகத்தையே நிறுத்தியிருப்பேன் என்றும் இருந்தது. இன்னொரு செய்தியும் உண்டு: இந்த ஆங்கிலப் புத்தகத்திலிருந்தே ஜெர்மன் மொழியில் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்களாம், இனித் தடுக்க வழியில்லையாம். அந்த நாட்டிலும் வெய் ஆன் இனி மோவாயைத் தொடுவாள். மூலத்தைப் பார்த்தவர் அங்கே யார்? என் பொய் என்னைவிட அதிக தூரம் பயணம் செய்கிறது...

கடிதத்தை மா தின்னிடம் கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். வள்ளிக்கு மட்டும் சொன்னேன்.

"கொண்டுபோய்க் கொடுத்துடுங்க" என்றாள்.

"கொடுத்தா அந்தப் பொண்ணு என் முகத்துல முழிக்குமா?"

"முழிக்காது. அதுக்காக?"

பெட்டியைப் பூட்டினேன்.

மூன்று வருஷமாகிறது. மா தின் என்னை 'ஊலே' என்று அழைக்கிறாள், சித்தப்பா முறை. பண்டிகைக்கு லாப்பெட் என்ற ஊறவைத்த தேயிலை கொடுத்தனுப்புகிறாள். போன வாரம் பள்ளி விட்டதும் என் ஆபீஸுக்கு வந்தாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அந்த இளம் சீன ஆசிரியர் மூலத்தைப் படித்துச் சொல்ல, கடைசி அத்தியாயத்தை அவளே ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாளாம்.

"அப்பா பேர்ல போடணும், ஊலே. என் இங்கிலீஷைக் கொஞ்சம் திருத்திக் கொடுங்க. உங்களைத் தவிர யாரை நம்பறது?"

படித்தேன். கால்புள்ளிகள் பிசகியிருந்தன. மற்றபடி எதுவும் கூடவில்லை, குறையவில்லை. கிழவன் கரையில் முதுகு காட்டி நின்றான்.

"அவனுக்கு அவளைத் தெரிஞ்சிருக்குமா? அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலை, அம்மா." இந்த ஒரு பொய்யை நான் சாயாவுக்காகச் சொன்னேன். ஆனால் என் வாயிலிருந்து வரும்போது அதற்கும் மற்ற பொய்களின் வாடைதான்.

"துரைகிட்டேயிருந்து பதில்?"

"வரலை."

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள். மேலே தகப்பனார் பெயர், சீனத்திலும் ஆங்கிலத்திலும். அதன் கீழே 'உதவியவர்' என்று எழுதி, இடம் விட்டிருந்தாள்.

"அந்தப் புஸ்தகத்துல அவன் உங்க பேரையும் போடலை இல்லையா? இதுல இருக்கட்டும். எழுத்துப் பிழை வந்துடக் கூடாது, நீங்களே எழுதுங்க."

பேனாவை என் கையில் கொடுத்தாள்.

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால்...

என் பெயரை எழுதினேன். நிறுத்தி நிதானமாக, அழகாக, ஒரு பிழையுமில்லாமல்.